நிறம் பார்த்து அடுக்கிய பெட்டி

அடுத்தவர் பொருளை ஒழுங்குபடுத்தாமல் என்னால் இருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் டீப்பாயில் விரிந்து கிடக்கும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், என் தலையைக் கண்டதும் முதல் வேலையாக பீரோவைச் சாத்துவாள். சிரித்துக்கொண்டேதான் சாத்துவாள். ஆனாலும் சாத்திவிடுவாள். இந்தப் புத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நடு ஆற்றில், என் வீட்டுக்காரரின் மானத்தை வாங்கிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவர் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மகள் புனேயில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆபீஸ் பாபுக்கள் ஞாயிற்றுக்கிழமையானால் வெயிலில் பாய் விரித்துச் சீட்டாடுவார்கள். இவர் முத்ரிகா பஸ் பிடித்து, ரிங் ரோட்டில் பாதி டெல்லியைச் சுற்றி, வஜீராபாத் பக்கம் இறங்கித் தூண்டில் போடப் போவார். அங்குள்ள அணைக்கு மேலே யமுனையில் அப்போது தண்ணீர் ஓடியது. கீழே வந்தால் அதற்குச் சாக்கடை என்று பெயர். அங்கே ஒரு படகுக்காரரின் சின்னப் படகு. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் கரையில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

புழுவும் மாவும் வைத்துத்தான் முதலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை பார்த்த என் தம்பி சிங்கப்பூரில் இறங்கியபோது அத்தானுக்கென்று ஒரு பை நிறைய ரப்பர் மீன் வாங்கி வந்தான். பிளாஸ்டிக்தான், ஆனால் தொட்டால் கொழகொழவென்று உயிர் இருப்பது போலவே இருக்கும். வால் தட்டையாக இருப்பது ஒரு வகை, பன்றி வாலைப் போலச் சுருண்டிருப்பது ஒரு வகை, வெறும் புழு ஒரு வகை, குட்டித் தவளை ஒரு வகை. தூண்டில் முள்ளில் கோத்துத் தண்ணீருக்குள் இழுத்தால் வால் ஆடும். விரால் மீன் அதை நிஜம் என்று நம்பி வந்து கடிக்கும். அதன் பிறகு தம்பி வரும்போதெல்லாம் ஒரு பை வரும். கூடவே அறை அறையாகத் தடுத்த ஒரு பெட்டியும் வாங்கி வந்தான். மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு அறை.

அந்தப் பெட்டியை அவர் ஆபீஸ் மாதிரியே நடத்தினார். முதல் வரிசைக்குப் பெயர் கரண்ட். மீன் கடித்துக்கொண்டிருப்பவை அங்கே. நடு வரிசை பெண்டிங். மூன்று ஞாயிறு தொடர்ந்து எந்த மீனும் சீந்தாத ரப்பர் மீன், கரண்டிலிருந்து பெண்டிங்குக்கு இறக்கப்படும். கடைசி வரிசை ரெக்கார்ட். அதற்குப் போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வால் அறுந்தவற்றை வருடத்துக்கு ஒரு முறை "வீட் அவுட்" செய்வார், பழைய ஃபைலைக் கழிப்பது போல. ஒரு ரப்பர் தவளைக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த அரசாங்கத்திலும் கிடைத்திருக்காது என்று நான் கேலி செய்வேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "எடுத்த எடத்துல வை." அவர் ஒன்றை எடுத்தால், அதை அதே அறையில் திருப்பி வைக்காமல் அடுத்ததைத் தொட மாட்டார். அந்தப் பெட்டியை மட்டும் என்னைத் துடைக்கக்கூட விடுவதில்லை.

இதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்த ஞாயிறுக்கு முந்தைய இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் சிரிப்பு குறைவுதான். மனுஷன் மாறிப் போயிருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விற்றுவிட்டு வந்து நின்றார். கேட்டால், "பஸ்ஸுல போனா ஒடம்புக்கு நல்லது" என்றார். ஆபீசில் நல்ல செக்‌ஷனில் இருந்தவர், தானாகவே எழுதிக் கொடுத்து ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அது ஆகாதவர்களைத் தூக்கிப் போடும் இடம். "ஆசைப்பட்டு யாராவது குப்பைக் கிடங்குக்குப் போவாங்களா?" என்று கேட்டேன். "அங்கன சத்தம் கெடையாது" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாள் எதிரே வந்து நமஸ்தே சொன்னால் பார்க்காமல் போய்விடுவார். வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்துவேன். துணியை எடுத்துத் துடைப்பார். துடைத்த பிறகும் பாதிக் காபி தரையில் கிடக்கும். அதற்கு இன்னொரு கத்தல்.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறொன்று. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பேசினால், அவர் பார்வை என் காதுப் பக்கம் எங்கேயோ நிற்கும். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். வேறு யாரையாவது பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு மெரூன் புடவை எடுக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கரோல் பாக்கில் கடைக்குப் போனால், ஒரு பச்சை என் கண்ணைப் பறித்துவிட்டது. அதையே வாங்கி வந்தேன். தீபாவளி காலையில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என் காதைப் பார்த்துச் சிரித்து, "மெரூன் ஒனக்கு எடுப்பா இருக்கு" என்றார்.

விட்டேனா நான்? பச்சைக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாதா, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள், நான் இந்த வீட்டில் மனுஷியா மேஜையா என்று ஆரம்பித்து, ஸ்கூட்டரிலிருந்து ரெக்கார்ட் ரூம் வரை ஒன்று விடாமல் இழுத்துப் போட்டேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் நான் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு டங்கென்று வைப்பேன். அவர் அந்தச் சத்தத்தை வைத்துத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பதினாறாம் நாள் எனக்கே என் மேல் அலுப்பு வந்தது. எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவது? சமாதானத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. கையால் செய்துதான் பழக்கம். அது ஒரு சனிக்கிழமை. அவர் முடிவெட்டப் போயிருந்தார். பால்கனி அலமாரியில் இருந்த அந்தப் பெட்டியை எடுத்தேன்.

அவருடைய கரண்டும் பெண்டிங்கும் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் அழுக்கு வெள்ளை. எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தேன். ரப்பர் மீன்களையும் ஒவ்வொன்றாக அலசித் துணியில் ஒற்றினேன். வெள்ளை முதல் வரிசை, சிவப்பும் ஆரஞ்சும் நடு வரிசை, பச்சையும் கறுப்பும் கடைசி வரிசை. தட்டை வால், சுருட்டை வால், தவளை, புழு எதையும் நான் பார்க்கவில்லை, நிறம் ஒன்றுதான் பார்த்தேன். அடுக்கி முடித்ததும் புது வளையல் பெட்டியைத் திறந்தது போல இருந்தது. அதைத் திறக்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அன்று மாலை பதினைந்து நாளில் முதல் முறையாக அவரிடம் பேசினேன்.

"நாளைக்கு நானும் ஆத்துக்கு வாறேன்."

"வா," என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா பயமா என்று அப்போது எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பாதிப் பாதி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நவம்பர் காலை. ஆற்றின் மேல் லேசாகப் பனிமூட்டம். படகுக்காரர் பின்பக்கம் நின்று மூங்கில் கழியால் தள்ளினார். நான் முன்முனையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இவர் நடுவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. கரையில் தடுமாறி நடந்த மனுஷன் படகில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. தூண்டில் கம்பைப் பூட்டினார், நைலான் நரம்பை அதன் வளையங்களில் கோத்தார், முடிச்சுப் போட்டார். கைகள் அவ்வளவு சுறுசுறுப்பு. கண் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தார். அப்போதும் குனிந்து பார்க்கவில்லை. விரல்கள் நேராக முதல் வரிசை இரண்டாம் அறைக்குப் போயின. ஒன்றை எடுத்து, பெருவிரலால் அதன் வாலைத் தடவினார். விரல் நின்றது. அதை வைத்துவிட்டு மூன்றாம் அறையில் எடுத்தார், தடவினார், வைத்தார். நான்காம் அறை. பிறகு நடு வரிசை. விரல்கள் வேகம் கூடிப் பெட்டிக்குள் அலைய ஆரம்பித்தன. கடைசியில் பெட்டியைத் தூக்கி மூக்குக்கு நேரே பிடித்து, தலையை ஒருபுறமாகச் சாய்த்துப் பார்த்தார்.

கழி நின்றுவிட்டது. படகுக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாபி ஜி, டிப்பா கிஸ்னே சேடா?"

பெட்டியில் யார் கை வைத்தது என்று என்னைக் கேட்கிற கோபம் ஒரு படகுக்காரருக்கு ஏன் வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் இவர் அவசரமாகக் கேட்டார்.

"ஏளா, டப்பாவுல நீ கைய வச்சியா?"

"ஆமா, கலர் கலரா அடுக்கி வச்சிருக்கேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு," என்றார். சிரிக்க முயற்சி செய்தார். நடு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து எனக்குத் தூக்கிக் காட்டினார். "இந்த வெள்ளையெல்லாம் ஒரே எடத்துல வச்ச பாரு, அதான் ரொம்ப நல்லாருக்கு. இனிமே தேட வேண்டாம்."

அவர் கையில் இருந்தது சிவப்பு. குங்குமச் சிவப்பு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "என்ன, கிண்டலா?" என்று கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் வழக்கம் போல என் காதில் நின்றது. கிண்டல் செய்கிற முகம் இல்லை அது. பரீட்சையில் விடையைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டு வாத்தியாரைப் பார்க்கிற பிள்ளையின் முகம். ஸ்கூட்டர், டம்ளர், நமஸ்தே, மெரூன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"கையில என்ன கலர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் ரப்பர் மீனை மெல்லப் பெட்டிக்குள் போட்டார். எந்த அறை என்று தேடவில்லை. "தெரியலளா," என்றார்.

அப்புறம் சொன்னார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஆபீஸ் சமாசாரம் சொல்வது போலச் சொன்னார். இரண்டு வருடமாக இப்படி. கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து கிடையாது என்று பெரிய டாக்டரே கையை விரித்துவிட்டார். "கலருதான் மொதல்ல போச்சு. நடுவுல ஒரு பொகை. ஓரத்துல மட்டும் தெரியும். ரெக்கார்ட் ரூம்ல எல்லாத்தையும் எண்ணி வச்சிருக்கேன், எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு. இங்கன வாலைத் தடவி, எண்ணி வச்சிருந்தேன்."

"என் மூஞ்சியப் பாத்துக்கூட நீங்க பேசுறதில்ல," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"நேரா பாத்தா நீ இருக்க மாட்ட. ஒன் காதைப் பாத்தாத்தான் மூஞ்சி கொஞ்சம் தெரியுது."

நான் அழுதேன். சால்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். படகுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு அக்கரையைப் பார்த்தார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. வாரத்தில் ஒரு காலைப் பொழுது கூட இருக்கிறவருக்குத் தெரிந்தது, தினமும் சோறு போடுகிற எனக்குத் தெரியவில்லை. அதை எங்கே போய்ச் சொல்ல?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சண்டை போட மாட்ட. ஆபீசுல யாரும் கண்டுபிடிச்சிருவானோன்னு நாளெல்லாம் பயந்துட்டு வீட்டுக்கு வருவேன். நீ கண்ணு பொடதியிலயா இருக்குன்னு கத்துவ. கண்ணு இருக்கவனத்தான அப்படிக் கேப்பாங்க. நீ ஒருத்தி கத்துத வரைக்கும் எனக்குக் கண்ணு இருந்துச்சு."

அன்று தூண்டில் தண்ணீரில் விழவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. அவர் கை மரக்கட்டையாக இருந்தது.

அந்த வாரமே பெட்டியைப் பழையபடி ஆக்க உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல வைத்தேன். "கரண்ட், மொத அறை. வால் தட்டையா, நடுவெரல் நீளம்." எதற்கும் இருக்கட்டும் என்று நான் கண்ணை மூடித் தடவியும் பார்த்தேன். தட்டை வால் எது, சுருட்டை வால் எது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் எவ்வளவு நாள் தனியாக உட்கார்ந்து இதைப் பழகியிருப்பார் என்று நினைத்து மறுபடியும் அழுதேன், சத்தம் வராமல். பதினெட்டு அறையும் சரியாக வந்தது. அவரும் தடவிப் பார்த்துச் சரி என்றார்.

பெட்டி சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் நானும் கூடவே போனேன். அவர் விரல் அறைக்குப் போவதற்குள் நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் முடிச்சுப் போடுவதற்குள் "முள்ளு, முள்ளு, பாத்து" என்றேன். "பாபி ஜி, ரஹ்னே தீஜியே," என்று படகுக்காரர் கெஞ்சினார், அவரே செய்யட்டும் விடுங்கள் என்று. என்னால் விட முடியவில்லை. படகில் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த முதுகு வாரத்துக்கு வாரம் வளைந்தது. ஐந்தாவது ஞாயிறு காலையில் நான் பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"இந்த வாரம் வேண்டாம். பெண்டிங்ல போடு."

மூன்று ஞாயிறு அப்படியே போனது. பெட்டியைப் பரணில் வைத்தேன். ஆற்றைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

வீடு அமைதியாகிவிட்டது. டம்ளர் விழுந்தால் நான் சத்தமில்லாமல் துடைத்தேன். "ஒண்ணும் இல்ல, நீங்க உக்காருங்க" என்பேன். குரலை உயர்த்தவே இல்லை. நல்ல பெண்டாட்டியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில சமயம் அவர் வேண்டுமென்றே டம்ளரை மேஜை ஓரத்தில் வைப்பது போல எனக்குச் சந்தேகம் வரும். அதையும் நான் பேசாமல் நகர்த்தி வைத்துவிடுவேன்.

அடுத்த தீபாவளிக்கு அவரே புடவை வாங்கி வந்தார். தனியாகக் கரோல் பாக் போய் வாங்கியிருந்தார். எப்படி ரோட்டைத் தாண்டினார் என்று பதறினேனே தவிர, கேட்கவில்லை. திறந்து பார்த்தால் கிளிப்பச்சை. குளித்துக் கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அதற்குள் ஓரத்துப் பார்வையும் மங்கியிருந்தது. கையை நீட்டி முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் காது இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தார்.

"மெரூன் ஒனக்கு எடுப்பா இருக்கு."

"ஆமாங்க," என்றேன். "நல்ல மெரூன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. முந்தானையை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைக்காரன்ட்ட கிளிப்பச்சைன்னு கேட்டுத்தான் வாங்கினேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த நிறத்தைப் பற்றியும் பேசவில்லை.